டோக்கன் வந்தது, ஆள் வரவில்லை

நாற்பது பேரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், நாற்பது பேரையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், நடுவில் எந்தப் படகில் ஏறுவீர்களோ எதில் இறங்குவீர்களோ அது உங்கள் பாடு என்று மேலாளர் என்னிடம் சொன்னார். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் அது. ஓசூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் டைம் ஆபீசில் நான் வேலை பார்த்தேன். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எண்ணுவதுதான் வேலை. வேலை இல்லாத நேரத்திலும் எண்ணிக்கொண்டுதான் இருப்பேன். மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது நிற்கிறவர்களை எண்ணுவேன். கல்யாண வீட்டில் இலைகளை எண்ணுவேன். எண்ணி முடித்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

அந்த நாற்பதில் ஒருவர் இல்லாமல் போன ஒரு மாலையைப் பற்றி எழுதுகிறேன். கணக்கு சரியாகவே இருந்தது. அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

அதுவரை எங்கள் சுற்றுலா என்றால் ஒரு கோயில், ஒரு அணைக்கட்டு, ஒரு பூங்கா. அந்த வருடம் இளவட்டங்கள் கடல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். வட கன்னடக் கடலோரத்தில் ஒரு சிறிய கடற்கரைக்கு எங்கள் சரக்கு லாரி டிரைவர் ஒருவர் அடிக்கடி போவார். அங்கே படகு விடுகிறவர்களின் நோட்டீஸ் ஒன்றை அவர் வாங்கி வந்திருந்தார். கன்னடத்தில் இருந்ததால், முதல் ஷிப்ட் முடிந்து கேன்டீனில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நான்தான் படித்துச் சொன்னேன். விடியற்காலையில் டால்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகு. வேகப்படகு. காற்றடைத்த பெரிய டியூபில் ஆட்களை உட்காரவைத்துக் கயிறு கட்டி இழுக்கும் விளையாட்டு. தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர். கடைசியாக, 'மூன்று கடற்கரைச் சுற்று' என்று ஒன்று: பெரிய மோட்டார் படகில் ஏற்றி, இரண்டு குன்றுகளைக் கடல்வழியாகச் சுற்றிக்கொண்டு, மூன்றாவது கடற்கரையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்துவருவார்கள்.

பிரஸ் ஷாப்பில் இருந்த மத்திகிரிக்காரர் ஒருவர், வாயாடி, வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் கன்னடமுமாகப் பேசுகிறவர், டியூப் விஷயத்தைக் கேட்டதும் ஆரம்பித்தார்.

"கயிறு கட்டி இழுப்பாங்களா? அதுக்கு நான் எதுக்குங்க சார் அவ்ளோ தூரம் வரணும்? எங்கூர்ப் பண்ணையில மாட்ட அப்பிடித்தான் இழுக்கறாங்க. பக்கத்துல நின்னன்னா என்னையும் சேத்து இழுப்பாங்க."

சிரிப்பு அடங்குவதற்குள் எல்லோருடைய தலையும் டூல் ரூம் ஃபிட்டர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் சங்கரன்கோவில் பக்கத்து மனிதர். ஓசூரில் அந்த நுணுக்கமெல்லாம் யாருக்கும் வேண்டாம். மதுரைக்குத் தெற்கே இருந்து வந்தவர் எல்லோரும் திருநெல்வேலிக்காரர், திருநெல்வேலி என்றால் கடல். அண்ணாச்சி சொல்லட்டும் என்றார்கள். அண்ணாச்சி காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, நோட்டீசை வாங்கி, கன்னடம் தெரியாமலே மேலும் கீழும் பார்த்தார்.

டால்பின் வேண்டாம் என்றார். "நாம போற நேரத்துக்கு அது வரணுமே. அது என்ன ஷிப்ட்டுக்கா வருது?" டியூப் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. வேகப்படகில் கண்ணைத் திறக்க முடியாது, காசு கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு போவதா? தண்ணீர் ஸ்கூட்டரைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை, நோட்டீசில் அந்தப் படத்தின் மேல் கட்டை விரலை வைத்து மூடிக்கொண்டார். பெரிய படகே வைத்துக்கொள்ளலாம், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி என்று தீர்த்துவிட்டார். பிறகு என்னிடம் தனியாக, "மேல கூரை இருக்கான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க சார்" என்றார். பக்கக் கம்பி உண்டா என்றும் கேட்டார். கடல் தெரிந்தவர் கேட்கிறாரே, காரணம் இருக்கும் என்று நானும் குறித்துக்கொண்டேன்.

எனக்கு இருந்த கேள்வி வேறு. மிதவைச் சட்டை எத்தனை வைத்திருப்பார்கள்? நோட்டீசில் டால்பினின் பல்வரிசைகூடத் தெளிவாக இருந்தது, மிதவைச் சட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆட்களை எப்படி எண்ணுவது என்று யோசித்தபோது ஸ்டோர்சில் கிடந்த பழைய பித்தளை டோக்கன்கள் ஞாபகத்துக்கு வந்தன. கார்டு அடிக்கும் கடிகாரம் வருவதற்கு முன்னால் கேட்டில் அவைதான் புழங்கின. உள்ளே வருகிறவர் தன் எண் போட்ட டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், போகும்போது திரும்ப மாட்ட வேண்டும். முகங்களை எண்ணினால் நகர்ந்துகொண்டே இருக்கும். மூன்று முறை எண்ணினால் மூன்று தொகை வரும், அதுவும் குழந்தைகள் இருந்தால் கேட்கவே வேண்டாம். பித்தளை நகராது. நான் போக மீதி முப்பத்தொன்பது பேர். ஒன்று முதல் முப்பத்தொன்பது வரை பொறுக்கி எடுத்து, புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். படகில் ஏறும்போது ஆளுக்கு ஒன்று, திரும்பி வந்து இறங்கியதும் என் மஞ்சள் பையில் போட வேண்டும், பையில் முப்பத்தொன்பதும் விழுந்தால்தான் பஸ் கிளம்பும் என்று கேன்டீனில் அறிவித்தேன்.

"கடலுக்குப் போயும் டைம் ஆபீசா சார்?" என்று மத்திகிரிக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

எங்கள் கம்பெனியில், அநேகமாக எந்தக் கம்பெனியிலும், ஒரு பழக்கம் உண்டு. தாமதமாக வருகிறவனுடைய கார்டைக் கூட்டாளி அடித்துவிடுவான். அவன் பின்வாசல் வழியாகவோ காம்பவுண்டு ஏறியோ வந்து சேர்ந்துகொள்வான். பிடிபட்டால் இருவருக்கும் மெமோ. எனக்கு அது தெரியாதா? நான் பிடித்தவர்களே எத்தனையோ பேர். ஆனால் அது சம்பளத்துக்காகச் செய்வது. சுற்றுலாவில் யார் அதைச் செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போய், காலையில் அந்தக் கடற்கரையில் இறங்கினோம். நான் எண்ணியது எல்லாம் பஸ்ஸுக்குள்தான், ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்துக்குப் பிறகும். கடலை முதலில் பார்த்தவர்கள் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன், யாரும் கத்தவில்லை. பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனையாத மணலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். திருநெல்வேலிக்காரர் எல்லோருக்கும் பின்னால் நின்றார்.

படகுக்காரர் நடுத்தர வயது, அரை டிராயர், கன்னடம் பேசினார். கூரை இருந்தது, தார்ப்பாய்க் கூரை. பக்கக் கம்பி இல்லை. மிதவைச் சட்டைகளை வெளியே எடுத்துப் போடச் சொல்லி எண்ணினேன். பதினான்கு. அதில் ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது. முப்பத்தொன்பது பேரையும் இரண்டே நடையில் கொண்டுபோய்விடலாம், நேற்றுகூட இருபத்தைந்து பேரை ஏற்றினேன், கடல் குளம் மாதிரி கிடக்கிறது என்றார் அவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நடைக்குப் பதின்மூன்று பேர், மூன்று நடை, இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். மூன்று நடை என்றால் நேரமாகும், கடைசி நடை பொழுது சாயத்தான் வரும் என்று அவர் எச்சரித்தார். பொழுது சாய்ந்தால் பரவாயில்லை என்றேன். எங்கள் ஆட்களுக்கு என்மேல் கோபம். மிதவைச் சட்டைக்குப் பயந்து பகல் வெளிச்சத்தை விட்டுவிட்டார் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

படகுக்காரர் இன்னொன்றும் சொன்னார். எங்கள் கடற்கரைக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள குன்றின்மேல் நல்ல ஒற்றையடிப் பாதை இருக்கிறது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே பாதை கிடையாது, வெறும் பாறை. தண்ணீர் வற்றியிருக்கும்போது சிப்பி பொறுக்குகிற பெண்கள் அதன்மேல் நடப்பார்கள். சாயங்காலம் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் பாறைகளுக்கு இடையில் போகிறவனால் எந்தப் பக்கமும் வரமுடியாது. இதை நான் தமிழில் உரக்கச் சொன்னேன். யாரும் நடந்து வரக் கூடாது என்று சேர்த்துக்கொண்டேன்.

"அப்ப நடந்தும் வாரதுக்கு வழி இருக்கு" என்றார் திருநெல்வேலிக்காரர், பொதுவாக, கடலைப் பார்த்தபடி.

"ஆமாங்க, நடந்தே ஓசூர் போயிரலாம்" என்றார் மத்திகிரிக்காரர்.

திருநெல்வேலிக்காரர் தன் மனைவியையும் மகளையும் இரண்டாவது நடையில் அனுப்பிவிட்டார். கடைசி ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது பொறுப்பாகப் பட்டது. மூன்றாவது நடையில் அவர் ஏறினார். டோக்கன் எண் இருபத்தேழு. ஏறியதும் படகின் நட்டநடுவே, கூரையைத் தாங்கிய மூங்கிலை ஒட்டி உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மணலில்தான் நின்றேன். படகில் ஏறும் உத்தேசம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. எண்ணுவதற்கு ஒருவர் கரையில் இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன், அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

பகல் முழுவதும் நானும் பஸ் டிரைவரும் தென்னை நிழலில் இருந்தோம். அவர் தூங்கினார். குன்றுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பையில் டோக்கன் ஒன்றுகூட இல்லை. காலியான பையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் காற்று எழுந்தது. காலையில் தட்டையாகக் கிடந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கிழிசல்கள் தெரிந்தன. முதல் நடை வந்தபோது இரண்டு குழந்தைகள் வாந்தி எடுத்திருந்தன. பதின்மூன்று டோக்கன். இரண்டாவது நடை வந்தபோது பெண்கள் பேசவே இல்லை, நனைந்து நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பதின்மூன்று. திருநெல்வேலிக்காரரின் மனைவி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இரண்டு டோக்கன்களையும் அவளே போட்டாள்.

மூன்றாவது நடை வருவதற்குள் சூரியன் தண்ணீரைத் தொட்டுவிட்டது. படகு கரையில் நிலைகொள்ளாமல் ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொருவராகக் குதித்து, தடுமாறி, என் பையில் டோக்கனைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினார்கள். நான் துண்டை விரித்துப் பையைக் கவிழ்த்து எண்ணினேன். முப்பத்தொன்பது. மறுபடி, எண் வரிசையாக அடுக்கி எண்ணினேன். முப்பத்தொன்பதும் இருந்தன. அன்றைக்கு முதல் தடவையாக ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

பஸ்ஸில் ஏறியபோது திருநெல்வேலிக்காரரின் மனைவி படிக்கட்டில் நின்றிருந்தாள்.

"அவுகள எங்க சார்?"

டீக்கடைப் பக்கம் இருப்பார், வந்துவிட்டார் என்றேன். டீக்கடையில் பார்த்துவிட்டேன் என்றாள். அப்படியானால் ஒதுங்கப் போயிருப்பார் என்றேன். அவள் நகரவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. பையைத் திறந்து, தேடி, இருபத்தேழாம் எண்ணை எடுத்து அவள் கண்ணெதிரே பிடித்தேன்.

"இதோ பாருங்கம்மா. அவரோட டோக்கன். வந்துட்டாரு."

அவள் அதைத் தொடவில்லை.

"டோக்கன் வந்துட்டு சார். ஆள் எங்க?"

டோக்கனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். சிலர் டீக்கடைக்குப் பின்னால் ஓடினார்கள், சிலர் தென்னந்தோப்புக்குள், இரண்டு பேர் சாராயக்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், ஒருவரைத் தவிர. மத்திகிரிக்காரர் கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலை முதல் ஓயாத வாய் மூடியிருந்தது. அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம். திங்கட்கிழமை முதல் ஷிப்டில், இன்னொருத்தன் கார்டை அடித்துவிட்டு என் ஜன்னலைத் தாண்டிப் போகிறவனுடைய முகம்.

பக்கத்தில் போய் நின்றேன். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"நான்தாங்க சார் போட்டன். ரெண்டும்."

"அவர் எங்க?"

"நடந்து வரன்னாருங்க. பாறைமேல ஏறிப் பாக்கணுமாம். நீங்க படகுல சுத்திக்கினு வரதுக்குள்ள நான் முன்னால போயி நிப்பன்னாரு. சார்கிட்ட சொல்லாத, டோக்கன மட்டும் போட்டுருன்னாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தெனமும் செய்யறதுதானங்க சார். எனக்கு வேற ஒண்ணும் தோணல" என்றார்.

கரையில் அதற்குள் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இளைஞர்கள் இரண்டு பேர் டிரைவரின் டார்ச்சை வாங்கிக்கொண்டு முதல் குன்றின் பாதையில் ஓடினார்கள். இரண்டாவது கடற்கரை முழுவதும் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அங்கே யாரும் இல்லை, பாறைப் பக்கம் போக முடியவில்லை, தண்ணீர் அடிக்கிறது என்றார்கள். அப்படியானால் அவர் பாறைகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். அல்லது பாறைகளிலும் இல்லை. இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய மகள் அம்மாவின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, அப்பா ஒளிந்து விளையாடுகிறாரா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

படகுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் என்னைத் திட்டினார். காலையிலேயே சொன்னேனே என்றார். பெரிய படகு பாறைக்குப் பக்கத்தில் போகாது, மோதினால் பலகை பிளந்துவிடும். மீன் பிடிக்கப் போகும் சிறிய படகை அவரும் அவர் தம்பியும் மணலில் இழுத்துத் தள்ளினார்கள். காணாமல் போனவருடைய பாஷை பேசுகிற ஒருவர் கூட வர வேண்டும், பயத்தில் இருக்கிறவனிடம் கன்னடத்தில் கத்தினால் புரியாது என்றார். மத்திகிரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கும் கன்னடம் தெரியும். அவரே போகட்டும் என்று நான் நினைத்தேன். திருநெல்வேலிக்காரரின் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எண்ணுனது நீங்கதான சார்" என்றாள். அழுகை இல்லாத, சாதாரணக் குரல்.

மிதவைச் சட்டைகளைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டுப் பெரிய படகின் முதலாளி சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். வெளியே கிடந்தது ஒன்றுதான், காலையில் நான் ஒதுக்கிய வார் அறுந்த சட்டை. அதை மாட்டிக்கொண்டு, அறுந்த வாரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் டார்ச்சோடு ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதைவிட என்னை ஏற்றினார்கள் என்பது சரி. பலகையில் உட்காராதே, அடியில் உட்கார் என்று தம்பி கத்தினான். அடியில் மீன் வாடையும் தண்ணீரும். அதில் உட்கார்ந்தேன்.

முதல் குன்றைத் தாண்டியதும் காற்று முழுசாக மேலே விழுந்தது. படகு ஒரு மேட்டில் ஏறி, அப்படியே நின்று, பிறகு கீழே விழும். விழும்போதெல்லாம் ஏதாவது எண்ண வேண்டும் என்று தோன்றியது. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. படகில் மூன்று பேர், அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டாவது குன்றின் பாறைகள் கறுப்பாகத் தெரிந்தன. டார்ச் வெளிச்சம் நுரையில்தான் விழுந்தது. பெயர் சொல்லிக் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. படகுக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

அலையும் அலையும் மோதுவதற்கு நடுவில் ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் கல்லால் அடிக்கிற மாதிரி, சீராக, டங் டங் என்று. டூல் ரூமில் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். அந்த இடத்தில் அதைக் கேட்டதும் எனக்குக் காது மடலெல்லாம் கூசியது.

அவர் இரண்டு பாறைகளுக்கு இடையே ஒரு கல்லின்மேல் நின்றிருந்தார். தொடை வரை தண்ணீர் வந்து வந்து போனது. மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன எவர்சில்வர் தூக்கு ஒரு கையில், கல் ஒரு கையில். டார்ச் பட்டதும் அடிப்பதை நிறுத்தினார். படகு ஓர் ஆள் நீளத்துக்கு அப்பால்தான் நிற்க முடிந்தது. அதற்கு மேல் பாறை. கயிற்றை வீசுகிறேன், இடுப்பில் கட்டிக்கொண்டு, சொல்லும்போது குதிக்கச் சொல் என்றார் படகுக்காரர். நான் தமிழில் கத்தினேன்.

"நா வரல சார்" என்று பதில் வந்தது. "நீங்க போங்க. தண்ணி எறங்கட்டும். காலம்பற நடந்தே வந்துருதேன்."

"தண்ணி இன்னும் ஏறுங்க. தலைக்கு மேல போயிடும்."

"படகுல என்னால முடியாது சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கடலோரத்து ஆள் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி என்று கேட்டுவிட்டேன். ஒரு அலை வந்து அவரை மூடிவிட்டுப் போனது. தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இருமினார். இருமலுக்கு நடுவில் சொன்னார்:

"எங்கூர்ல கெணத்துலயே தண்ணி கெடையாது சார். கடல நான் பாக்கதே இன்னைக்குத்தான்."

படகுக்காரர் என்ன சொல்கிறான் என்று கேட்டார். கடலை இன்றைக்குத்தான் பார்க்கிறாராம் என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் தம்பி சிரித்துவிட்டான். படகுக்காரர் சிரிக்கவில்லை. நான் என்ன ஏது என்று புரிந்துகொள்வதற்குள் என் உடம்பிலிருந்து மிதவைச் சட்டையை உருவி, கயிற்றின் நுனியில் கட்டி, பாறைக்கு வீசினார். நான் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். டார்ச் அடியில் விழுந்து உருண்டது. அதை எடுத்து அவர் பக்கம் காட்டச் சொன்னார்கள். ஒரு கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நானும் இன்னைக்குத்தாங்க படகுல ஏறியிருக்கேன்" என்று கத்தினேன். அவருக்குத் தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான். "வீட்டுக்காரம்மா கரையில நிக்கறாங்க. சட்டையப் போடுங்க. கயித்தக் கட்டுங்க."

அவர் போட்டுக்கொண்டார். கயிற்றைக் கட்டுகிற கை ஃபிட்டரின் கை, அந்த நடுக்கத்திலும் முடிச்சு ஒழுங்காக விழுந்ததைப் பார்த்தேன். தூக்கைக் கீழே போடுங்கள் என்றேன், போடவில்லை. பெரிய அலைகள் போகட்டும், சின்னது வரும்போது சொல்கிறேன் என்றார் படகுக்காரர். நான் பெரிய அலைகளை எண்ணினேன். மூன்று வந்தது, பிறகு சின்னது. மறுபடி மூன்று வரும் என்று பார்த்தால் ஐந்து வந்தது. கணக்கு நிற்கவில்லை. தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்றேன். மூணுல குதிங்க" என்றேன்.

"சரி சார்."

"ஒண்ணு."

"சார், மூணுலயா, மூணு முடிஞ்சா?"

"மூணுலதான். ஒண்ணு. ரெண்டு."

ரெண்டிலேயே படகுக்காரரும் தம்பியும் கயிற்றை இழுத்துவிட்டார்கள். அவர் தண்ணீருக்குள் போய், படகின் விளிம்பில் மோதி, என்மேல் வந்து விழுந்தார். தூக்கு என் முழங்காலில் இடித்தது. எஞ்சின் கிளம்பியது. அவர் முகம் படகின் அடியில் கிடந்தது, கை மட்டும் தேடி வந்து என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. நான் பலகையைப் பிடித்திருந்தேன். படகில் நான்கு பேர் என்று எண்ணினேன், கரை வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப.

கரையில் மற்றவர்கள் தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்து அவரைத் தூக்கினார்கள். அவருடைய பாதத்தில் சிப்பி கிழித்து ரத்தம் வந்தது, டிரைவர் பஸ்ஸிலிருந்து பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தார். அவருடைய மனைவி தூக்கை அவர் கையிலிருந்து வாங்கினாள். அடி முழுக்க நசுங்கியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நடந்து வாரதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டு நடந்திருக்கலாம்லா" என்றாள். "நானும் கூட வந்திருப்பேன். போகும்போதே எனக்கு உசுரு போயிட்டு. ஒங்களுக்குக் கடல் தெரியும்னுதான் பேசாம இருந்தேன்."

மகள் வந்து அவர் மடியில் உட்கார்ந்து, டியூபில் போகலாமா என்று கேட்டது. மத்திகிரிக்காரர் கொஞ்ச தூரத்தில் நின்றவர், மெல்ல என்னிடம் வந்து, "மெமோ உண்டுங்களா சார்?" என்றார். கம்பெனி காம்பவுண்டுக்கு வெளியே நடந்ததற்கு மெமோ கொடுக்க விதி இல்லை என்றேன். எனக்குக் குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

பஸ் கிளம்பத் தயாரானது. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து, ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணினேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளையும் போர்வையை விலக்கித் தொட்டேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. என்னையும் சேர்த்து நாற்பது.

பிறகு பையைத் திறந்து இருபத்தேழாம் எண்ணைத் தேடி எடுத்தேன். அவர் ஜன்னலோரம், மனைவியின் சேலையைப் போர்த்திக்கொண்டு இருந்தார். டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்து, பையை விரித்துப் பிடித்தேன்.

"நீங்க போடுங்க" என்றேன்.

அவர் டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரல்கள் மரத்துப்போயிருந்தன, உடனே விரியவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார், போகலாமா என்ற கேள்வியோடு. இருங்கள் என்று கையைக் காட்டினேன். அது பைக்குள் விழுந்து மற்றவற்றோடு மோதிய சத்தத்தைக் கேட்டபிறகுதான், போகலாம் என்றேன்.